அமீனா தொடக்கூடாத பொருள்கள்

ஜப்திக்கு அமீனா வந்தால் என்னென்ன எடுத்துப்போவான் என்று நெசவாளர் தெருவில் கைப்பிள்ளைக்கும் தெரியும். என்னென்ன எடுக்கக்கூடாது என்பதுதான் பெரியவர்களுக்கும் தெரியாது. நகரியில் பிறந்து, சித்தூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக வயதைக் கழித்தவன் நான். சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். கடன்பட்டவனும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், கட்டில், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை, கைவினைஞரின் கருவி, விவசாயி என்றால் ஏர், உழவு மாடு, விதை நெல், அவன் குடியிருக்கும் வீடு, கூலியாளின் கூலி. இவற்றின் மேல் சாதாரணப் பண டிகிரி எதுவும் கைவைக்க முடியாது. பொழுது சாய்ந்தபின் ஜப்திக்கு வீட்டுக்குள் நுழையவும் கூடாது.

வக்கீல் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும் பெண்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"தம்பி, தாலியக் கேப்பானுங்களா?"

"கேக்க முடியாதும்மா. சட்டத்துலயே எழுதியிருக்கு."

"தறி?"

"அதையும் தொட முடியாது."

"வீடு?"

இந்த இடத்தில் நான் வக்கீலின் முகத்தைப் பார்ப்பேன். அவர் மேஜை மேலிருக்கும் கட்டைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார்.

ஏனென்றால் வீட்டுக்குக் காப்பு விவசாயிக்குத்தான். 1976 திருத்தத்தில் கூலித் தொழிலாளியையும் வீட்டு வேலைக்காரரையும் சேர்த்தார்கள். கைவினைஞர் என்ற சொல் கருவிக்கு எதிரே இருக்கிறது, வீட்டுக்கு எதிரே இல்லை. குழித்தறி என்பது வீட்டுத் தரையில் தோண்டிய குழி. நெசவாளி அதில் காலை இறக்கி உட்கார்ந்து மிதிக்கிறான். சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால் தறிக்கட்டையும் அச்சும் விழுதும் நாடாவும் அவனுடையவை. குழி ஏலம் எடுத்தவனுடையது. இதற்கு ஒரே வழி, மனுதாரர் சொந்தமாகத் தறி ஓட்டினாலும் உண்மையில் கூலி நெசவு செய்யும் தொழிலாளிதான் என்று வாதாடுவது. எங்கள் வக்கீல் அப்படித்தான் மனுப் போடுவார். சில சமயம் ஜெயிக்கும்.

நகரியைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. சென்னையிலிருந்து திருப்பதி போகிற வழியில், திருத்தணியைத் தாண்டியதும் ஆந்திரா தொடங்குகிறது, தொடங்கினதும் நாங்கள். ஊரிலிருந்து தெரிகிற மலையின் நுனியை நகரி மூக்கு என்பார்கள். அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் கடலிலிருந்து அதைப் பார்த்துத்தான் கரையைக் கணிப்பார்களாம். நகரி, ஏகாம்பரகுப்பம், சத்திரவாடா, சிந்தலப்பட்டடை எல்லாம் தறிச் சத்தத்தில் விடிகிற ஊர்கள். வீட்டில் தமிழ், கோர்ட்டில் தெலுங்கு, தீர்ப்பில் இங்கிலீஷ். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் பக்கம் கார்வேட்டிநகரம் ஜமீன், ஜில்லா வடஆற்காடு. 1911-ல் தனி ஜில்லா ஆகும்வரை வடஆற்காட்டுக்கே சித்தூர்தான் தலைநகர். அதனால் கோர்ட்டு எங்களுக்குப் பழக்கமான இடம்.

கோர்ட்டு வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் கடன் எப்படி வசூலானது என்பதற்கு ஒரு வெளியூர்க்காரரின் சாட்சி இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கடன் கொடுத்தவன் கடன்காரனைச் சுற்றித் தரையில் வட்டம் கீறிவிட்டால், பணத்தையோ பிணையையோ கொடுக்காமல் அவன் அந்த வட்டத்தைத் தாண்ட முடியாது என்று எழுதினார். தாண்டினால் மரண தண்டனை. ஒரு வியாபாரி அந்நாட்டு ராஜாவையே குதிரையோடு சேர்த்து வட்டம் கீறி நிறுத்தியதைத் தானே பார்த்ததாகவும் சொல்கிறார். எனக்கு இதில் ராஜா பெரிதாகப்படவில்லை. வட்டத்துக்குள் ஆள் மாட்டுகிறான், அவன் வீட்டுப் பொருள் மாட்டவில்லை என்பதைத்தான் கவனித்தேன்.

வெள்ளைக்காரன் கோர்ட்டு இரண்டையும் மாட்டவைத்தது. டிகிரி வாங்கியவன் பொருளை ஜப்தி செய்யலாம், ஆளைப் பிடித்து சிவில் ஜெயிலிலும் போடலாம். ஜெயிலில் அவன் சாப்பாட்டுக்குப் பணம் கட்டவேண்டியது கடன் கொடுத்தவன். மாதாமாதம் முன்பணமாகக் கட்டவேண்டும். ஒரு மாதம் தவறினால் ஆளை விட்டுவிடுவார்கள். கொடுத்த கடனுக்கு மேல் சோற்றுக்கும் கொடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பவன் சம்பாதிக்கவும் வழியில்லாமல் செய்வதில் என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் ஜெயிலில் இல்லை. வாரண்டு வாங்கிய செய்தி தெருவில் பரவும்போது மாமனார் வீட்டு நகை வெளியே வருமே, அதில் இருக்கிறது.

கருவியைத் தொடாதே என்ற விதி 1877 சட்டத்திலேயே இருக்கிறது. 1908 சட்டம் அதை விரித்து எழுதியது. பண டிகிரிக்காகப் பெண்ணைக் கைது செய்யக்கூடாது என்பதும் அதில் உண்டு. கொடுக்க வசதி இருந்தும் ஏமாற்றுகிறவனைத்தான் ஜெயிலில் வைக்கலாம் என்ற நிபந்தனை 1936-ல் சேர்ந்தது. அதற்கு உயிர் வந்தது 1980-ல், ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், கையில் இல்லாதவனை இல்லாமைக்காக உள்ளே போடுவது அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று எழுதியபோதுதான். அந்தத் தீர்ப்பின் நகலை வாரண்டு மனுவுக்குப் பதில் போடும்போதெல்லாம் நான் டைப் அடித்திருக்கிறேன்.

இனி ஐ.பி. தமிழ்நாட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்பார்கள். எங்கள் பக்கம் தமிழனும் தெலுங்கனும் ஐ.பி. போட்டுட்டான் என்பார்கள். இன்சால்வென்சி பெட்டிஷன். சென்னைப் பட்டணத்துக்கு திவால் சட்டம் 1828-லேயே வந்துவிட்டது. வியாபாரம் செய்த வெள்ளைக்காரர்களுக்கும் அவர்களோடு சேர்ந்த துபாஷிகளுக்கும் அது தேவைப்பட்டது. பட்டணத்திலிருந்து நகரிக்கு ரயிலில் மூன்று மணி நேரம். முழுமையான திவால் சட்டம் மொஃபசிலுக்கு வந்து சேர 1907 ஆனது. அதைத் திருத்தி எழுதியதுதான் 1920-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம். இதற்கிடையில் 1904-ல் பெரிய ஜமீன்கள் கடனுக்குச் சிதறாமல் இருக்கத் தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். ராஜா முந்திக்கொண்டார்.

1920 சட்டப்படி கடன் 500 ரூபாய் இருந்தால் போதும். அல்லது கைதாகியிருக்க வேண்டும், இல்லை ஜப்தி உத்தரவு தலைமேல் இருக்கவேண்டும். கடன்காரர் பட்டியல், சொத்துப் பட்டியல், எல்லாவற்றையும் கோர்ட்டு வசம் ஒப்படைக்கச் சம்மதம் என்ற வாசகம். இந்த சொத்துப் பட்டியல் எழுதுவது என் வேலை. ஒரு குடும்பத்தின் மொத்த வாழ்க்கையும் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். பித்தளைத் தவலை ஒன்று, எவர்சில்வர் குடம் இரண்டு, மர பீரோ, அதன் கண்ணாடி உடைந்தது. உடைந்தது என்று எழுதச் சொல்லி அந்த வீட்டுக்காரரே வற்புறுத்துவார். மதிப்பு குறையட்டும் என்றல்ல, பொய் சொல்லக்கூடாது என்று. மனு ஏற்கப்பட்டால் சொத்து, கோர்ட்டு நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். ஆனால் 60-ஆம் பிரிவில் சொன்ன துணியும் பாத்திரமும் தறியும் இங்கேயும் போகாது. கைதிலிருந்து பாதுகாப்பு உத்தரவும் கேட்டு வாங்கலாம்.

ஐ.பி. போட்டதோடு கடன் தீர்ந்தது என்று ஊரே நம்புகிறது. தீரவில்லை. இன்சால்வென்ட் என்று தீர்மானிக்கும்போதே, எத்தனை நாளுக்குள் விடுதலை கேட்டு மறுபடி மனுப் போட வேண்டும் என்று நீதிபதி கெடு வைப்பார். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் பழைய தீர்மானம் ரத்து. கடன் முழுசாக உயிரோடு எழுந்து வரும். எத்தனை பேர் முதல் உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு, பெருமாளுக்கு மொட்டை போட்டுவிட்டு, கோர்ட்டுப் பக்கமே திரும்பாமல் இருந்துவிட்டார்கள்! விடுதலை கேட்டாலும் இன்னொரு முட்டுக்கட்டை. சொத்து, கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்குக்கூடத் தேறவில்லை என்றால், அது தன் குற்றத்தால் வந்ததில்லை என்று காட்டாதவனுக்கு முழு விடுதலை கிடையாது. நூல் விலை ஏறியதும், எடுத்துப்போன துணிக்குப் பணம் வராததும் அவன் குற்றமில்லை என்று நாங்கள் எழுதுவோம். விடுதலை ஆகும்வரை, தான் இன்சால்வென்ட் என்று சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் தண்டனை உண்டு. 1920-ல் 50 ரூபாய் பெரிய பணம். இன்றைக்கும் அந்தச் சட்டத்தில் அது 50 ரூபாய்தான். மளிகைக் கடையில் இரண்டு நாள் கணக்கு வைத்தாலே குற்றம்.

இதையெல்லாம்விட எங்கள் தெருவை உடைத்தது வேறு. கடன்பட்டவன் விடுதலை ஆனாலும் ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் விடுதலை ஆவதில்லை. நெசவாளர் தெருவில் யாருக்கு யார் ஜாமீன்? பாவு ஓடும்போது எதிர்முனை பிடிக்கிற பக்கத்து வீட்டுக்காரன். மைத்துனன். சம்பந்தி. ஒருத்தன் ஐ.பி. போட்டால் அந்த வரிசையில் நாலு வீட்டுக்கு நோட்டீஸ் போகும். அதனால்தான் நேர்மையான ஏழை ஐ.பி. போடப் பயந்தான். சொத்தை முன்னாலேயே மைத்துனி பேருக்கு எழுதிவைத்துவிட்டு, சீட்டுப் பணத்தைச் சுருட்டியவன் பயப்படாமல் போட்டான். மனுவுக்கு முந்திய இரண்டு வருஷத்துக்குள் சும்மா எழுதிக்கொடுத்த சொத்தை ரிசீவர் திருப்பி வாங்கலாம்தான். அதற்குக் கடன் கொடுத்தவர்கள் ஒன்றுசேர்ந்து செலவு செய்து வழக்காட வேண்டும். யார் செய்வார்கள்?

கோர்ட்டுக்குப் போகாமலே கடனைக் குறைத்த சட்டம் ஒன்று வந்தது. 1938-ல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1930-களின் விலைவீழ்ச்சியில் நெல் பாதி விலைக்குப் போனது. கடனும் வட்டியும் பழைய விலையிலேயே நின்றன. 1935-ல் சத்தியநாதன் அறிக்கை மாகாணத்தின் விவசாயக் கடனை 200 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டது. சட்டம் சொன்னது இது: 1932 அக்டோபர் 1-க்கு முந்திய கடனுக்கு, 1937 அக்டோபர் 1-இல் நின்ற வட்டி பாக்கி முழுக்கத் தள்ளுபடி. அசலைப்போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. வட்டி அசலைத் தாண்டக்கூடாது என்ற பழைய தர்மசாஸ்திர விதியைப் பம்பாய்ப் பக்கக் கோர்ட்டுகள் ஏற்றுக்கொண்டிருந்தன. சென்னை மாகாணக் கோர்ட்டுகள் ஏற்கவில்லை. ராஜாஜி அதைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தார்.

அதன் அழகு ஒரு விளக்கக் குறிப்பில் இருக்கிறது. புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று வருஷம். மூன்று வருஷம் முடியும்போது வட்டியையும் அசலோடு சேர்த்துப் புது நோட்டு எழுதுவார்கள். இரண்டு தடவை எழுதினால் வட்டி எது, அசல் எது என்று கண்டுபிடிக்க முடியாது. சட்டம் அந்த நோட்டுகளையெல்லாம் பின்னோக்கிப் புரட்டி, முதன்முதல் கையில் வாங்கிய தொகை எதுவோ அதுதான் அசல் என்றது. எங்கள் வீட்டு உதாரணமே சொல்கிறேன். தாத்தா வாங்கியது 200 ரூபாய். வட்டியாகக் கட்டியது 250. 1931-ல் மாற்றி எழுதிய நோட்டு 350. புதுக் கணக்குப்படி அசல் 200, இரண்டு மடங்கு 400, கட்டியது 250 போக பாக்கி 150. அதைக் கட்டி நோட்டைக் கிழித்துப் போட்டார்.

அவருடைய மைத்துனர், அதே தெரு, அதே லேவாதேவிக்காரர், ஏறக்குறைய அதே தொகை. அவருக்கு ஒரு காசு குறையவில்லை. தாத்தாவுக்குச் சத்திரவாடா பக்கம் அரைக்காணி நிலம் இருந்தது, மைத்துனருக்கு இல்லை. விவசாய நிலத்தில் விற்கத்தக்க பாத்தியதை உள்ளவன்தான் சட்டத்தின் கண்ணில் விவசாயி. தாத்தா வாழ்நாளில் ஏர் பிடித்ததில்லை. தறியைத் தவிர எதையும் அறியார். ஆனாலும் அவர் விவசாயி. இரண்டு பேரும் ஒரே பாவில் நெய்தவர்கள். அதன்பின் இரண்டு குடும்பமும் ஒரு பந்தியில் உட்கார வெகுகாலம் ஆயிற்று. நெசவாளிக்கும் விலைவீழ்ச்சிதான், நெசவாளிக்கும் புரோநோட்டுதான். கடன் வாங்கியவனின் நிலைமையைப் பார்க்காமல் அவன் பட்டாவைப் பார்த்து இரங்குகிற வழக்கம் அங்கே தொடங்கியது என்று நினைக்கிறேன். 2008-ல் மத்திய அரசு விவசாயக் கடனைத் தள்ளியபோதும் தறிக்காரன் ஒதுங்கி நின்று பார்த்தான்.

1953-ல் ஆந்திரா பிரிந்தபோது நாங்கள் சித்தூர் ஜில்லாவோடு அங்கே போனோம். ம.பொ.சி. போன்றவர்களின் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போனது. நகரி இங்கேயே நின்றது. ராஜாஜியின் சட்டம் இரு பக்கமும் அமலில்தான் இருந்தது, எங்கள் பக்கம் அதற்கு ஆந்திரப் பெயர் வைத்தார்கள். பிறகு வழி பிரிந்தது. எங்கள் பக்கத்து நெசவாளிக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 கடைசியில் அவசரச் சட்டமாகவும் 1977-ல் சட்டமாகவும் ஆந்திர அரசு விவசாயக் கூலிகள், சிறு விவசாயிகள், கிராமக் கைவினைஞர் மூவருடைய தனியார் கடனையும் முழுக்க ரத்து செய்தது. அடகுப் பொருளைத் திருப்பிக் கொடு என்றது. அண்டாவும் குத்துவிளக்கும் அடகுக் கடையிலிருந்து தலைச்சுமையாக வீடு திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த பொங்கலுக்கு நூல் வாங்கக் கடன் கேட்டுப் போனபோது கடைக்காரர்கள் கதவைச் சாத்தியதையும் பார்த்திருக்கிறேன். மாஸ்டர் வீவரிடம் அட்வான்ஸ் வாங்கி அவருக்கே நெய்யும்படி பலர் ஆனது அதன் பிறகுதான். அந்த அட்வான்ஸை யாரும் கடன் என்று சொல்வதில்லை, பாக்கி என்பார்கள்.

1920 சட்டம் எழுதியவர்களின் கணக்கைக் கெடுத்தது விசைத்தறி. குழித்தறி, தச்சனும் நெசவாளியும் சேர்ந்து செய்தது. யாருக்கும் அதன்மேல் கடனில்லை. விசைத்தறியை வாங்கவே கடன், அந்தக் கடனுக்கு அந்தத் தறியே ஈடு. ஈடாக எழுதிக்கொடுத்த பொருளுக்கு 60-ஆம் பிரிவு காப்பு உதவாது. வங்கிகளின் கடன் வசூலுக்காக 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டம் இதைத் தயங்காமல் எழுதியும் வைத்தது: ஜப்தி செய்யக்கூடாத பொருள்களை வங்கி தொடாது, குறிப்பாக அந்தக் கடனுக்கு ஈடு வைத்தவை நீங்கலாக. தறி போய்விட்டது. அமீனாவுக்கு எட்டாமல் பாட்டனார் காலம் முதல் இருந்த ஒரே பொருள், நாமே கையெழுத்திட்டு வெளியே எடுத்துக்கொடுத்த பொருளாகிவிட்டது. இதோடு செக்கும் சேர்ந்தது. 1989-இலிருந்து செக் திரும்பினால் கிரிமினல் வழக்கு. தண்டல்காரன் புரோநோட்டோடு நிரப்பாத செக்கையும் வாங்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்தான். ஐ.பி. போட்டவனை சிவில் வாரண்டிலிருந்து காப்பாற்றலாம். செக் கேஸிலிருந்து ஐ.பி. காப்பாற்றாது.

எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தைக் காட்டித் திருத்தணியில் போலீசுக்குப் போகலாம், நகரியில் முடியாது. எங்களுக்கு 2010 அக்டோபரில் மைக்ரோ ஃபைனான்ஸ் அவசரச் சட்டம் வந்தது. வாரத் தவணை கூடாது, மாதத் தவணைதான். வசூல் வீட்டு வாசலில் அல்ல, பஞ்சாயத்து ஆபீஸில். வட்டி அசலைத் தாண்டக்கூடாது. மறுபடியும் அந்தப் பழைய விதி.

வீட்டை வேறு விதமாகப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவோடு சேரும் முன்பே டெக்சாஸ்காரர்கள், குடியிருக்கும் வீட்டைக் கடனுக்கு எடுக்கக்கூடாது என்று 1839-லேயே சட்டம் போட்டார்கள்; விவசாயியா தறிக்காரனா என்று பார்க்கவில்லை, குடும்பம் குடியிருக்கிறதா என்று பார்த்தார்கள். 1978-ல் வந்த அமெரிக்கத் திவால் சட்டத்தின் 13-ஆம் அத்தியாயப்படி, வருமானம் உள்ளவன் 3 முதல் 5 வருஷம் கோர்ட்டு ஏற்ற தவணையைக் கட்டி வீட்டைத் தக்கவைத்துக்கொள்ளலாம். நம் 1920 சட்டத்திலும் ராஜித் திட்டத்துக்கு இடம் இருக்கிறது. கடன் கொடுத்தவர்களில் பெரும்பான்மையோர், கடன் தொகையில் முக்கால் பங்குக்கு உரியவர்களாகவும் இருந்து சம்மதிக்க வேண்டும். என் மேஜையில் அப்படி ஒரு மனு வந்ததே இல்லை.

2016-ல் திவால் சட்டத்தொகுப்பு வந்தபோது வக்கீல்கள் எல்லாம் 1920 போயிற்று என்றார்கள். போகவில்லை. தனிமனிதர்களுக்கான பாகம், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரிலிருந்து அமலாகியிருக்கிறது. கம்பெனிக்கு ஜாமீன் நின்றவனுக்குப் புதுச் சட்டம்; மைத்துனனுக்கு ஜாமீன் நின்றவனுக்குப் பழசு. அமலாகாமல் கிடக்கும் பக்கங்களில் ஏழைகளுக்கென்றே 'புதுத் தொடக்கம்' என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. படித்துப் பார்த்தேன். வருஷ வருமானம் 60,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, சொத்து 20,000-ஐத் தாண்டக்கூடாது, தள்ளுபடி ஆகக்கூடிய கடன் 35,000-க்கு மேல் போகக்கூடாது, அடமானத்தில் இருந்தாலும் சரி சொந்த வீடு இருக்கக்கூடாது. எங்கள் தெருவில் வீடும் தறியும் இல்லாத அப்படி ஒருவனைத் தேடிக் கண்டுபிடித்தாலும், அவனை நம்பி 35,000 ரூபாய் கடன் கொடுத்தவனைக் கண்டுபிடிக்க முடியாது.